ஜக்ளிங் பந்து: காற்றில் எல்லாம் ஒன்று, கையில் விழும்போதுதான் வேறு

பல பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையான ஜக்ளிங்கைப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஏதாவது மூன்று பந்தை எடுத்து ஆரம்பி" என்பதுதான். வீட்டில் தெருக் கிரிக்கெட் ஆடிய டென்னிஸ் பந்துகள் கிடக்கும். அவற்றை எடுத்து எறிவார்கள். பந்து கையில் பட்டுத் துள்ளும், கட்டிலுக்கு அடியில் உருளும், குனிந்து தேடி எடுத்தே முதுகு வலிக்கும். சில நாளில் "நமக்கு இது வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கை நன்றாகவே பழகிக்கொண்டிருந்திருக்கும். பந்துதான் அதைக் காட்டவிடவில்லை.

இதோடு இன்னும் சில நம்பிக்கைகளும் உலவுகின்றன. லேசான பந்து மெதுவாக விழும், அதனால் சுலபம் என்பார்கள். கனமான பந்து சீக்கிரம் விழும், அது தேர்ந்தவர்களுக்கு என்பார்கள். விலை கூடிய பந்து வாங்கினால் வித்தை சீக்கிரம் வரும் என்பவர்களும் உண்டு. இவை எதுவும் சரியில்லை. ஜக்ளிங் பந்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வந்து விழும் அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எடை, அளவு, உறை, உள்ளே நிரப்புவது, பராமரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

காற்றில் எடைக்கு வேலையில்லை

கையை விட்டுப் புறப்பட்ட பந்தைப் புவியீர்ப்பு மட்டுமே ஆள்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 60 கிராம் பந்தும் 160 கிராம் பந்தும் ஒரே வேகத்தில் ஒரே கோணத்தில் கிளம்பினால், ஒரே உயரம் போய் ஒரே நேரத்தில் இறங்கும். காற்றின் தடை என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் மூன்று பந்து எறியும் உயரத்தில், ஒரு டென்னிஸ் பந்துக்குக்கூட அது பந்தின் எடையில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். கண்ணுக்கும் கைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரு டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம், ஒரு கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம். இரண்டையும் தோள் உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுங்கள். தரையில் படும் சத்தம் ஒன்றாகவே கேட்கும்.

இதற்கு விதிவிலக்கு இரண்டு. ஒன்று, துணி. சின்னக் குழந்தைகளுக்கு ஜக்ளிங் கற்றுக்கொடுப்பவர்கள் மெல்லிய நைலான் கைக்குட்டைகளைத் தருவது இதனால்தான். அவை காற்றை வாங்கி உண்மையிலேயே மெதுவாக இறங்கும். நான்கைந்து வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இன்னொன்று, திறந்தவெளிக் காற்று. மெரினா போன்ற கடற்கரையில் நின்று எறிந்தால் லேசான பந்தைக் காற்று ஒரு சாண் தூரம் பக்கவாட்டில் தள்ளிவிடும். கனமான பந்து அதில் பாதிதான் நகரும். வெளியில் பயிற்சி செய்கிறவர்கள் 120 கிராமுக்கு மேல் தேடுவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் லேசான பந்து ஏன் தொந்தரவு தருகிறது? அது கையின் உணர்வைச் சேர்ந்த விஷயம். பந்து எப்போது வந்து சேர்ந்தது, எப்போது கிளம்பியது என்பதை உள்ளங்கை எடையை வைத்துத்தான் அறிகிறது. 40 கிராம் பிளாஸ்டிக் பந்து அந்தச் செய்தியைச் சரியாகச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு எறியும் ஒவ்வொரு உயரம் போகும். கொஞ்சம் கனம் இருந்தால் கை தானாகவே ஒரே அளவுக்கு எறியப் பழகும்.

லாரியிலிருந்து இறங்கும் மூட்டை

அரிசி மண்டி வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மூட்டை "பொத்" என்று அமர்ந்துவிடும். துள்ளாது, உருளாது. உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, உரசி, இடம் மாறிக்கொள்கின்றன. விழுந்த வேகம் முழுவதும் அந்த உரசலில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. திரும்பத் தள்ளுவதற்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

டென்னிஸ் பந்துக்குள் இருப்பது காற்று, சுற்றிலும் ரப்பர். அழுத்தினால் இரண்டும் அந்த ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். விழுந்த உயரத்தில் எத்தனை பங்கு உயரத்துக்குப் பந்து திரும்ப எழுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் துள்ளல் விகிதம் என்று சொல்வோம். சர்வதேச டென்னிஸ் விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். பாதிக்கும் சற்று மேல். டென்னிஸுக்கு இது தேவையான குணம். புதிதாக ஜக்ளிங் பழகுகிறவரின் கையில் இதுவே பெரிய இடைஞ்சல். விரல்கள் மூடுவதற்குள் பந்து உள்ளங்கையில் பட்டுக் கிளம்பிவிடுகிறது.

ஜக்ளிங் செய்கிறவர்கள் அதிகமாகப் பயன்படுத்தும் பீன் பேக் பந்து, அந்த மூட்டையின் சிறு உருவம்தான். துணியிலோ செயற்கைத் தோலிலோ சில துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே தானியமோ பிளாஸ்டிக் மணியோ நிரப்பிய பந்து. அதன் துள்ளல் விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். கையில் விழுந்தால் கையில் இருக்கும், தரையில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். பழகத் தொடங்கும் ஒருவர் எறிவதைவிடக் குனிந்து எடுப்பதே அதிகம். பந்து உருளாமல் இருப்பதே அவருக்குப் பாதிப் பயிற்சி நேரத்தை மிச்சப்படுத்தித் தரும். (இணையக் கடைகளில் வெறுமனே பீன் பேக் என்று தேடினால் உட்காரும் மெத்தைகள்தான் வரிசையாக வரும். ஜக்ளிங் பால் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பறக்கும்போது பந்துகளுக்குள் பேதம் இல்லை. எடை கைக்குச் செய்தி சொல்கிறது. துள்ளல் விகிதம் குறையக் குறையப் பிடிப்பது சுலபமாகிறது.

பந்து கூடக் கூட உயரம் ஏன் கூடுகிறது?

நிலைக்கு நிலை பந்து ஏன் மாற வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். அதை எழுதியவர் கிளாட் ஷானன். தகவல் கோட்பாட்டின் தந்தை என்று போற்றப்படும் அமெரிக்கக் கணிதவியலாளர், 1916இல் பிறந்து 2001இல் மறைந்தவர். பெல் ஆய்வுக்கூடத்தின் நடைக்கூடங்களில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் போய்க்கொண்டே பந்து எறிந்தவர் அவர். இந்த வித்தையில் அத்தனை ஈடுபாடு.

அவர் சொன்னது இது. ஒரு பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு கை காலியாக இருக்கும் நேரத்தையும் பந்தைத் தாங்கியிருக்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டு விடையும் சமமாக இருக்கும். கையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே பந்து கூடினால் காற்றில் இருக்கும் நேரம் கூடியே தீர வேண்டும். அதற்கு உயரமாக எறிந்தாக வேண்டும்.

எண்களில் பார்ப்போம். ஒரு கை அரை நொடிக்கு ஒரு முறை எறிகிறது, அதில் 0.3 நொடி பந்து கையில் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பந்துக்கு ஒவ்வொன்றும் 0.45 நொடி காற்றில் இருந்தால் போதும், 25 செ.மீ. உயரம் போதும். ஐந்து பந்துக்கு 0.95 நொடி, அதாவது 1.1 மீட்டர். ஏழு பந்துக்கு 1.45 நொடி, அதாவது 2.6 மீட்டர். பழகத் தொடங்குகிறவர் கையை இன்னும் நிதானமாக அசைப்பார், அதனால் மூன்று பந்தையே கண் உயரத்துக்கு எறிவார். அது நல்லதும்கூட.

இப்போது விழும் வேகத்தைக் கவனியுங்கள். இதே கணக்கில் மூன்று பந்து கையை அடையும் வேகம் மணிக்கு 8 கி.மீ. ஐந்துக்கு 17 கி.மீ. ஏழுக்கு 26 கி.மீ. கை உள்வாங்க வேண்டிய ஆற்றல் உயரத்துக்கு ஏற்பக் கூடும். மூன்றிலிருந்து ஏழுக்குப் போகும்போது அது பத்து மடங்கு. மூன்று பந்துக்கு இதமாக இருந்த 130 கிராம் பந்து ஏழில் உள்ளங்கையைச் சிவக்க வைப்பதும், மணிக்கட்டு சோர்வதும் இதனால்தான்.

வீட்டுக்குள் பயிற்சி செய்கிறவர்கள் இந்த எண்களை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். கை இடுப்பு உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கிறது. ஐந்து பந்து 2.1 மீட்டரைத் தொடும். சாதாரண வீட்டில் மின்விசிறி அதற்குச் சற்று மேலேதான் தொங்குகிறது. கொஞ்சம் தப்பினால் இறக்கையில் அடிபடும். விசிறியை நிறுத்திவிட்டு, அதற்கு நேர் கீழே இல்லாமல் தள்ளி நின்று எறியுங்கள். ஏழு பந்து பத்தடிக் கூரைக்குள் அடங்கவே அடங்காது. கல்யாண மண்டபமோ பள்ளி மைதானமோ மொட்டை மாடியோ வேண்டும்.

முதல் மூன்று பந்து

முதன்முதலில் வாங்குகிறவருக்கு நான் சொல்வது: 62 முதல் 68 மி.மீ. விட்டம், 100 முதல் 130 கிராம் எடை, மூன்றும் ஒரே மாதிரியான பீன் பேக். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையானால் 55 முதல் 60 மி.மீ., 70 முதல் 90 கிராம்.

எண்ணைவிடக் கை சொல்வதை நம்புங்கள். ஒரு கையில் இரண்டு பந்தை வையுங்கள். ஒன்றை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு அணைத்துக்கொள்ள, மற்றதைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் தாங்கட்டும். முன்னால் இருப்பதை எறியும்போது பின்னால் இருப்பது அசையாமல் நின்றால் அளவு சரி. விரல் விரிந்து இழுத்தால் பந்து பெரிது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் சிறிது.

முழுக்க இறுக்கி நிரப்பிய பந்து உருண்டையாக அழகாக இருக்கும். ஆனால் கல் போலக் கையைத் தட்டும், தரையில் ஓடும். கொஞ்சம் இளக்கமாக நிரப்பிய பந்து விரல்களுக்கு நடுவே அமுங்கி உட்காரும். தொடக்கத்துக்கு இளக்கமே நல்லது. அதற்காகப் பாதி காலியாகவும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பை ஒவ்வொரு எறியிலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும், நேராகப் போகாது. கட்டை விரலால் அழுத்தினால் அரை விரல் நுனி அளவு குழி விழ வேண்டும்.

துண்டுகளின் எண்ணிக்கை பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். நான்கு துண்டு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று கூடக் கூடப் பந்து உருண்டையாகும், தையல் கூலியும் ஏறும். மூன்று பந்து பழகுகிறவருக்கு நான்கோ ஆறோ தாராளமாகப் போதும்.

நிறம் முக்கியம். வெள்ளைச் சுவரின் முன் நின்று எறிகிறவருக்கு வெள்ளைப் பந்து எதற்கு? சுவருக்கும் வானத்துக்கும் எடுப்பாகத் தெரியும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நல்லது. மூன்றும் மூன்று நிறமாக இருந்தால் எந்தப் பந்து தவறான உயரம் போகிறது என்று பார்த்துச் சொல்ல எளிது.

பயிற்சி செய்யும் இடம் கட்டிலின் முன். முகம் கட்டிலைப் பார்க்க நில்லுங்கள். விழும் பந்தெல்லாம் மெத்தையில் விழும், குனிய வேண்டியதில்லை. பந்து முன்பக்கமாக ஓடும் பழக்கம் எல்லோருக்கும் ஆரம்பத்தில் வருவதுதான். கட்டில் தடுப்பதால் கால் நகராமல் அந்தப் பழக்கமும் கட்டுப்படும்.

வீட்டிலேயே செய்வது

மூன்று பந்துக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நல்ல பந்து இல்லை" என்ற காரணத்தால் எத்தனையோ பிள்ளைகள் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். எறிந்து பிடிப்பதும் நமக்குப் புதிதில்லை. பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானைப் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. காய்களை மேலே எறிந்து பாடிக்கொண்டே பிடித்த விளையாட்டு அது. உலகத்திலும் இது பழையது. எகிப்தின் பெனி ஹாசன் கல்லறைச் சுவரில் பெண்கள் பந்துகளை எறிந்து பிடிக்கும் ஓவியம் ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முந்தையது. இணையக் கடைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கையில் கிடைத்ததை வைத்து மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

எளிய வழி, பழைய டென்னிஸ் பந்து. பெரியவர் ஒருவர் பிளேடால் இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல் போட வேண்டும். இரு பக்கமும் அழுத்தினால் கீறல் வாய் திறக்கும், புனல் வைத்து அரிசியோ தினையோ நிரப்பலாம். உள்ளே ஏறக்குறைய 60 கிராம் பிடிக்கும். பந்தின் எடையோடு சேர்த்தால் 120 கிராம்! நாம் தேடிய அதே எடை. பிறகு பலூனின் கழுத்தை வெட்டிவிட்டுப் பந்தின்மேல் இழுத்து மாட்டுங்கள். இன்னொரு பலூனை எதிர்ப்பக்கமாக மாட்டுங்கள். கீறல் மூடிக்கொள்ளும், பிடிமானமும் கிடைக்கும். துள்ளுவதற்கு இருந்த காற்றின் இடத்தில் இப்போது தானியம் உட்கார்ந்துவிட்டது.

துணிப் பந்து தைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு. 65 மி.மீ. விட்டமுள்ள பந்தின் கொள்ளளவு ஏறக்குறைய 144 கன செ.மீ. சிறுதானியம் ஒரு கன செ.மீ. முக்கால் கிராமுக்குச் சற்று மேல் எடை வரும். ஆக உறையைச் சேர்க்காமல் 110 கிராம். மேல்நாட்டு ஜக்ளிங் பந்துகளிலும் சிறுதானியம் நீண்ட காலமாகப் பழக்கத்தில் இருப்பது தற்செயல் அல்ல. மணல் இதைப்போல இரு மடங்கு கனக்கும், 200 கிராமைத் தாண்டிவிடும். தையல் வழியாக ஒழுகவும் செய்யும். முழு உளுந்து, புளியங்கொட்டை போன்ற பெரிய மணிகள் கையில் உறுத்தும். தினை, கேழ்வரகு, சாமை எல்லாம் அருமையாக உட்காரும்.

குன்றிமணியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். பார்க்க அழகு, எடை சீராக இருக்கும், ஊரில் சும்மா கிடைக்கும். ஆனால் அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. பந்தின் தையல் என்றாவது ஒருநாள் பிரியும், மணி உதிரும், வீட்டில் குழந்தை இருக்கும்.

தானியத்தை நிரப்பும் முன் வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். வண்டின் முட்டை இருந்தால் செத்துவிடும், ஈரப்பதமும் போகும். நன்றாக ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று பந்தையும் சமையலறைத் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவருவதும் அவசியம். ஐந்து கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. இருபது கிராம் வேறுபட்டால் கை குழம்பும்.

இங்கே ஒரு மூச்சு விட்டுக்கொள்ளலாம். தொடக்க நிலைக்கு வேண்டியது துள்ளாத, உருளாத, ஒரே எடையுள்ள, விரலுக்குள் அடங்கும் மூன்று பந்து. வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி.

ஐந்தும் ஏழும்

மூன்று பந்தைத் தயங்காமல் நூறு முறை பிடிக்கிறவர் நான்கு, ஐந்துக்குப் போவார். இங்கேதான் ஒரே மாதிரியான பந்துகள் என்பது ஆலோசனையாக இல்லாமல் கட்டாயமாகிறது. 1.1 மீட்டர் உயரத்துக்கு எறியும்போது கையில் நேரும் சிறு கோணப் பிசகு மேலே போய்ப் பெரிதாகிவிடும். பந்துக்குப் பந்து எடையும் உருவமும் மாறினால், தப்பு எறியிலா பந்திலா என்றே தெரியாது. அதனால் முதலில் வாங்கும்போதே, ஆசை நிலைக்கும் என்று தோன்றினால், ஒரே தொகுப்பில் ஐந்தோ ஆறோ வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு மட்டும் சேர்த்து வாங்கினால் பழையது தளர்ந்திருக்கும், புதியது விறைப்பாக இருக்கும்.

ஐந்து பந்தில் ஒரு கை மூன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும், ஏழில் நான்கை. சராசரிக் கையில் 68 மி.மீ. பந்து நான்கு அடங்காது. எனவே ஏழுக்கு மேல் முயல்கிறவர்கள் 60 மி.மீ. பக்கமும் 80 முதல் 110 கிராம் பக்கமும் வருகிறார்கள். இளக்கமான பையையே பலர் விரும்புகிறார்கள். அடுக்கிப் பிடிக்க வசதி. காற்றில் இரண்டு மோதிக்கொண்டால் இறுகிய பந்துகள் திசைக்கு ஒன்றாகச் சிதறும், இளக்கமானவை அதிகம் விலகாமல் கீழே வரும்.

எண்ணிக்கை கூடக் கூடப் பந்து சிறிதாகவும் லேசாகவும் ஆவதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை. உயரத்திலிருந்து வரும் அடியைக் குறைப்பதும், தொடக்கத்தில் கையில் இடம் தேடுவதும்தான் காரணம்.

வேறு வேலைக்கு வேறு பந்து

மூடிய ஓட்டுக்குள் பாதிக்கும் குறைவாக உப்போ மணலோ போட்ட பந்துக்கு ரஷ்யப் பந்து என்று பெயர், ரஷ்ய சர்க்கஸ் மரபிலிருந்து பரவியது. மேலே மெல்லிய பிளாஸ்டிக் கோளம், உள்ளே அசையும் பொருள். விழுந்ததும் உப்பு அடியில் தங்குவதால் துள்ளலும் உருளலும் நின்றுவிடும். நெற்றியில் நிறுத்தினாலும் நிற்கும். உருண்டை வடிவமும் வேண்டும், மூட்டையின் அமைதியும் வேண்டும் என்கிறவர்களுக்கு இது.

மேடைப் பந்து என்பது உள்ளே வெறுமையான, மினுமினுப்பான பிளாஸ்டிக் பந்து. 70 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை வரும், பின் வரிசைக்கும் தெரியும். கையிலிருந்து தோளுக்கு உருட்டிக் காட்டும் வித்தைகளுக்கு ஏற்றது. கற்றுக்கொள்கிற காலத்தில் இதைத் தொட வேண்டாம்.

துள்ளல் ஜக்ளிங் மட்டும் இதுவரை சொன்னதையெல்லாம் தலைகீழாக்குகிறது. பந்தைத் தரையில் அடித்து, எழும்பி வருவதைப் பிடிப்பது அது. இங்கே துள்ளல் விகிதம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. தரமான சிலிகோன் பந்து விழுந்த உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும். கை செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியைத் தரை செய்துவிடுகிறது. ஷானன் 1970களில் உலோக விளையாட்டுத் துண்டுகளைக் கோத்து ஒரு ஜக்ளிங் இயந்திரம் செய்தார். மூன்று எஃகுக் குண்டுகளை இறுக்கிக் கட்டிய முரசுத் தோலில் துள்ளவிட்டு அது எறிந்து பிடித்தது. மேல்நோக்கி எறியும் இயந்திரத்தைவிடத் துள்ளவிடும் இயந்திரம் செய்வது சுலபம் என்பதற்கு அது நேரடிச் சாட்சி. கிரானைட், மொசைக், கனமான டைல்ஸ் தரை இதற்கு ஏற்றது. கம்பளம் உதவாது. மொட்டை மாடித் தட்டோடு சமமாக இருக்காது. சிலிகோன் பந்து ஒரு தடவை கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தெருவில்தான் நிற்கும்.

பராமரிப்பு: வியர்வை, வெயில், வண்டு

பந்தின் ஆயுளைத் தீர்மானிப்பது உறையைவிட உள்ளே இருப்பதுதான். ஆகவே எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தானியப் பந்தைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஈரம் உள்ளே போனால் மணி ஊறும், முளைக்கும், பூஞ்சணம் பிடித்து நாறும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் மேலே துடைத்து, நிழலில் காற்றாடவிட்டால் போதும். தவறி மழையில் நனைந்துவிட்டால் "காய்ந்துவிடும்" என்று விட்டுவைக்காதீர்கள். தையலை ஓரிடத்தில் பிரித்து, தானியத்தைக் கொட்டி, உறையைத் துவைத்துக் காயவைத்து, புதுத் தானியம் நிரப்பித் தைப்பதுதான் ஒரே வழி. நம் ஊர் ஈரப்பதத்தில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், அலமாரியில் மூடிவைத்த பந்தில் வண்டு வருவது சாதாரணம். பந்திலிருந்து மாவு போல உதிர்ந்தால் அது அறிகுறி. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் பந்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். மாவு நிறைய உதிர்ந்திருந்தால் எடையே குறைந்திருக்கும். அப்போது மாற்றுவதே நல்லது.

பிளாஸ்டிக் மணி நிரப்பியதைக் கையால் துவைக்கலாம். வெந்நீர் வேண்டாம். முதலில் ஓர் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் உருட்டி நீரை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உள்ளே முழுக்கக் காய ஓரிரு நாளாகும்.

சிலிகோனுக்குத் தூசி என்றால் அவ்வளவு பிரியம், தரையிலுள்ள முடியும் நூலும் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும், கழுவியதும் புதிது போல ஆகிவிடும். கீறலை மட்டும் கவனியுங்கள். சின்னக் கிழிசல் துள்ளத் துள்ள வளரும். பலூன் உறை ரப்பர் என்பதால் வெயிலில் சில வாரங்களில் வெடித்துப் பொரிந்துவிடும். நிறுத்திவைத்த காருக்குள் எந்தப் பந்தையும் விடாதீர்கள்.

உடலில் உருட்டும் வித்தைக்கென்று கண்ணாடி போன்ற அக்ரிலிக் பந்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அது ஒரு லென்ஸ். ஜன்னலோர வெயிலில் வைத்தால் ஒளியைக் குவித்துத் துணியையும் காகிதத்தையும் பற்றவைக்கும். பயன்படுத்தாத நேரத்தில் துணிப் பையில் போட்டு மூடியே வைக்க வேண்டும்.

எல்லாத் துணிப் பந்துகளும் காலப்போக்கில் தளரும். உறை விரியும், நிரப்பியது உடைந்து பொடியாகும். அது தவறில்லை. ஒரு தொகுப்பில் எல்லாம் ஒரே அளவுக்குத் தளர வேண்டும், அவ்வளவுதான். மூன்று பந்து மட்டும் எடுத்துப் பயிற்சி செய்கிற நாட்களில் எப்போதும் அதே மூன்றை எடுக்காமல் ஆறையும் சுழற்றி எடுங்கள். தையலோரத்தில் பேனாவால் எண் போட்டுக்கொண்டால் மறக்காது. தையல் பிரியத் தொடங்கியதும் மெழுகு தேய்த்த தடித்த நூலால் மறைதையல் போடுங்கள். மணி உதிர்ந்த பிறகு தைப்பதைவிட அது எத்தனையோ எளிது. மிகவும் தொளதொளத்துப் போனால் ஒரு கரண்டி தானியம் சேர்த்துத் தைக்கலாம். அப்படிச் செய்தால் ஆறு பந்துக்கும் சேர்த்தே செய்து, தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டுத் தையலை மூடுங்கள்.